கண்ணாடிக்குள் படர்ந்த பனி

எலெக்ட்ரானிக் சிட்டியை விட்டு ஓசூர் ரோட்டில் நகரத்தைப் பார்த்து நடந்துகொண்டிருந்தேன். இரண்டு வருடங்களுக்கு முன், மழை விட்டு விட்டுப் பெய்துகொண்டிருந்த ஒரு சனிக்கிழமை மதியம். தலைக்கு மேலே நீளமான மேம்பாலம், அதற்குக் கீழே நான், தோளில் ஒரு பை.

அன்று காலையில்தான் ஒரு பி.ஜி. விடுதியின் சமையலறை வேலையை விட்டிருந்தேன். சண்டை ஒன்றும் இல்லை. சப்பாத்தி தேய்ப்பது, அண்டா கழுவுவது, கேஸ் சிலிண்டர்கள் வைத்திருக்கும் தடுப்புக்குள் படுத்துக்கொள்வது என்று சில மாதங்கள் போயின. ஒரு நாள் எழுந்து பாயைச் சுருட்டும்போது இங்கே போதும் என்று தோன்றிவிட்டது. எனக்கு அப்படித்தான் தோன்றும். எட்டாம் வகுப்பில் பள்ளிக்கூடத்தை விட்டதும் அப்படித்தான். வேலூர்ப் பக்கத்தில் தொடங்கி திருப்பூர், ஓசூர், கோலார் என்று சுற்றிப் பெங்களூருக்கு வந்து சேர்ந்தவன். கையில் தொழில் என்று ஒன்றும் இல்லை; எந்த வேலை சொன்னாலும் செய்வேன். அன்று எங்கே போகிறேன் என்று முடிவு செய்திருக்கவில்லை.

ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பின் வாசலில் ஒருவர் ஸ்கூட்டரோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். நாற்பது வயதிருக்கும். சலவை செய்த வெள்ளைச் சட்டை, முழங்கை வரை நனைந்திருந்தது. பின்சீட்டில் ஒரு கண்ணாடிப் பெட்டியை வைத்துக் கயிற்றால் கட்டுவார், தள்ளி நின்று பார்ப்பார், பயந்து அவிழ்த்துவிடுவார். நான் பார்ப்பதைப் பார்த்துவிட்டார்.

"தமிழா?"

"ஆமா சார்."

"எங்க போற?"

"டவுன் பக்கம்."

"நான் காக்ஸ் டவுன் போறேன். பின்னாடி உக்காந்து இத மடியில வெச்சுப் பிடிச்சுக்கிறியா? டாக்ஸிக்காரன் ரெண்டு பேரு கேன்சல் பண்ணிட்டானுங்க. பஸ்ல கொண்டுபோனா இது முழுசா வந்து சேராது."

நடப்பவனுக்கு வண்டி கிடைத்தால் வேண்டாம் என்று சொல்ல என்ன இருக்கிறது? ஏறி உட்கார்ந்தேன். பெட்டியை என் மடியில் வைத்தார். அப்போதுதான் உள்ளே இருந்ததைப் பார்த்தேன்.

ஒரு போர் விமானம். என் முழங்கையிலிருந்து விரல் நுனி வரைக்குமான நீளம் இருக்கும். பொம்மை என்று சொல்ல வாய் வரவில்லை. வெள்ளி நிற உடம்பில் தகடு தகடாகக் கோடுகள், ஒவ்வொரு தகட்டின் ஓரத்திலும் ஊசி முனை அளவு ஆணிகள். வயிற்றுப் பக்கம் எண்ணெய் வழிந்த கறை, வால் பக்கம் புகை படிந்த கறுப்பு. மூக்கிலிருந்து ஒரு நீளமான ஊசி முன்னால் நீட்டிக்கொண்டிருந்தது. மேலே கண்ணாடி போலத் தெளிந்த பிளாஸ்டிக் கூண்டு. அதற்குள் தலைக்கவசம் போட்ட ஒரு குட்டி ஆள் உட்கார்ந்திருந்தான். முகம் தெரியாது. கண்ணை மறைத்து ஒரு கறுப்புத் தகடு, வாயை மறைத்து ஒரு குழாய்.

"புதுசுக்கு எதுக்கு சார் அழுக்கு பூசியிருக்கு?" என்று கேட்டேன்.

அவர் வண்டியைக் கிளப்பிக்கொண்டே சிரித்தார். "அந்த அழுக்குக்குத்தான் எங்கண்ணன் மூணு மாசம் எடுத்துக்கிட்டான். தினம் பறக்கற ப்ளேன் அப்படித்தான் இருக்கும். புதுசா பளபளன்னு இருந்தா அது ஷோரூம்ல நிக்கற ப்ளேன்னு திட்டுவான்."

வண்டி போகப் போக, தலையைப் பின்னால் திருப்பித் திருப்பி அவரே சொன்னார். அவருடைய அண்ணன் கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை பார்த்தவர். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஆபீஸ் விட்டு வந்தால் இதே வேலைதான்: பிளாஸ்டிக் துண்டுகளை வாங்கி வந்து, நிஜ விமானங்களின் போட்டோக்களைப் பார்த்துப் பார்த்துச் செதுக்கி, ஒட்டி, வர்ணம் பூசுவது. தம்பிக்கும் அதே பைத்தியம் உண்டு, ஆனால் அண்ணன் அளவுக்குக் கை வராது. ஒரு மாதத்துக்கு முன் அண்ணன் தூக்கத்திலேயே போய்விட்டார். வீட்டுக்காரர் ஃப்ளாட்டைக் காலி செய்யச் சொன்னதால் சாமானெல்லாம் ஏற்கெனவே போய்விட்டது. மிச்சம் இருந்தது இது ஒன்றுதான்.

"இது எங்கப்பா வேலை பாத்த ப்ளேன்," என்றார். "ஏர் ஃபோர்ஸ்ல மெக்கானிக். மூக்குல நம்பர் இருக்கு பாரு, அந்த நம்பர் ப்ளேனத்தான் எங்கப்பா ரொம்ப வருஷம் பாத்துக்கிட்டாரு. அவரு போயி பத்து வருஷம் ஆச்சு. எங்கண்ணன் அம்மாவுக்காக இத செஞ்சிட்டிருந்தான். அம்மா ஒவ்வொரு ஞாயித்துக்கிழமையும் போன்ல கேக்கும், முடிஞ்சுதா முடிஞ்சுதான்னு. கண்ணாடி மட்டும்தாம்மா பாக்கிம்பான். அந்தக் கண்ணாடிய ஒட்டறதுக்குள்ள போயிட்டான்."

அன்று மாலை மாதா கோயிலில் அண்ணனுக்கு முப்பதாம் நாள் பூசை. அதற்கு முன் விமானம் வீட்டுக்கு வந்துவிட வேண்டும் என்பது அம்மாவின் கட்டளை. அண்ணனுடைய சாமான் எதையும் கேட்காத அம்மா இதை மட்டும் கேட்டிருக்கிறார். அதனால் இவர் காலையிலேயே வந்து, கண்ணாடிக் கூண்டைத் தானே ஒட்டி முடித்து எடுத்துக்கொண்டு போகிறார். மடியில் இருப்பது என்ன என்று எனக்கு அப்போதுதான் சரியாகப் புரிந்தது. இரண்டு கைகளாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

"பெட்டிய திறக்காத. அது மேல மூச்சு விடாத. அந்த ஊசி உடைஞ்சா நான் செத்தேன்," என்றார். கொஞ்ச தூரம் போனதும், "தம்பி, ஆளு இருக்கானா உள்ள?"

"யாரு சார்?"

"பைலட்டுப்பா. அவன லைட்டாத்தான் ஒட்டியிருக்கு. குழியில விழுந்து எழுந்தா பெயர்ந்துக்குவான்."

"இருக்காரு சார்."

இது ஒரு பாட்டாகவே ஆகிவிட்டது. பொம்மனஹள்ளியில் ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறியதும், "இருக்கானா?" சில்க் போர்டு சிக்னலில் பஸ்களுக்கு நடுவே நின்றபோது, "இருக்கானா?" நான் ஒவ்வொரு முறையும் குனிந்து பார்த்து, இருக்கிறார் என்று சொல்வேன். பக்கத்தில் நின்ற ஆட்டோக்காரர் எங்களை ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

அந்த சிக்னலில்தான் முதலில் கவனித்தேன். கண்ணாடிக் கூண்டின் பின்மூலையில் லேசாகப் புகை படர்ந்தது போல ஒரு வெண்மை. நான்தான் மூச்சு விட்டுவிட்டேன் என்று நினைத்து முகத்தைத் திருப்பிக்கொண்டேன். கொஞ்ச நேரம் கழித்துப் பார்த்தால் அது அப்படியே இருந்தது. வெளிப்பெட்டி சுத்தமாக இருந்தது. மழைத்துளி வழிந்திருந்த பக்கத்தைச் சட்டையால் துடைத்துப் பார்த்தேன். வெண்மை பெட்டியில் இல்லை, கூண்டில்தான் இருந்தது.

மடிவாளா தாண்டும்போது அது வளர்ந்திருந்தது. பின்மூலையில் இருந்தது பக்கவாட்டில் ஏறி, அந்தக் குட்டி ஆளின் தோள் வரைக்கும் வந்திருந்தது. குளிர் நாளில் மூடிய காருக்குள் ஆள் தூங்கினால் கண்ணாடி வெளுத்துப்போகுமே, அதே வெளுப்பு. நான் லாரிகளில் கிளீனராகப் போயிருக்கிறேன். உள்ளே மூச்சு விடுகிற ஆள் இருந்தால்தான் கண்ணாடி அப்படி ஆகும் என்று எனக்குத் தெரியும்.

பயம் என்று அதைச் சொல்ல முடியாது. சுடுகாட்டுப் பக்கத்துச் செங்கல் சூளையில் மாதக்கணக்கில் படுத்தவன் நான். பேய் பிசாசு என்று யோசித்ததே இல்லை. ஆனால் அந்த மதியத்தில், நாலாபக்கமும் ஹாரன் சத்தத்துக்கு நடுவே, என் மடியில் மூடியிருந்த ஒன்றுக்குள் யாரோ மெல்ல மெல்ல மூச்சு விட்டுக்கொண்டிருக்கிறார்கள் என்ற நினைப்பு வந்ததும் பெட்டியை மடியிலிருந்து சற்றுத் தூக்கிப் பிடித்துக்கொண்டேன். அந்த ஆள் முதலில் நேராகப் பார்த்துக்கொண்டிருந்தது போலவும், இப்போது தலையை என் பக்கம் சாய்த்திருப்பது போலவும் இருந்தது. நான் பெட்டியைப் பிடித்திருந்த கோணம் மாறியிருக்கலாம். செத்துப்போனவர் செய்த பொருள், வண்டியை ஓட்டுகிறவர் அவருடைய தம்பி. அவரிடம் என்னவென்று சொல்வது?

ஆடுகோடியைத் தாண்டியதும் அவர் கேட்டார். "ஆளு இருக்கானா?"

குனிந்து பார்த்தேன். கூண்டு முழுக்கப் பால் ஊற்றியது போல வெளுத்திருந்தது.

"தெரியல சார்."

"தெரியலன்னா? விழுந்துட்டானா?"

"உள்ள பனி மூடிக்கிச்சு சார். ஆளே தெரியல."

வண்டி ஆட்டம் கண்டது. ஆஸ்டின் டவுன் பக்கம் ஒரு மூடிய கடையின் கூரைக்குக் கீழே கொண்டுபோய் நிறுத்தினார். ஹெல்மெட்டைக் கழற்றாமலே குனிந்து பெட்டிக்குள் பார்த்தார். பிறகு அப்படியே கடைப் படியில் உட்கார்ந்துவிட்டார்.

"சூப்பர் க்ளூ," என்றார்.

எனக்கு ஒன்றும் புரியவில்லை. அவர் தன்னிடமே பேசுவது போலப் பேசினார். விமானத்தின் கண்ணாடியை அந்தப் பசையால் ஒட்டவே கூடாதாம். மரத்துக்குப் போடும் வெள்ளைப் பசையால் ஒட்டிவிட்டு ராத்திரி முழுக்கக் காயவிட வேண்டும். சூப்பர் க்ளூ நொடியில் ஒட்டும், ஆனால் காயும்போது அதிலிருந்து ஆவி வரும். மூடிய இடத்தில் அந்த ஆவி கண்ணாடியின் உள்பக்கம் போய் வெள்ளையாகப் படிந்துவிடும். இந்தப் பொழுதுபோக்கில் இறங்கும் யாருக்கும் முதல் வாரத்திலேயே சொல்லித் தரும் பாடமாம்.

"அண்ணன் எனக்கு மண்டையில குட்டி சொல்லிக் குடுத்தது. பூசைக்கு நேரமாயிடும்னு ஒரு சொட்டு, ஒரே ஒரு சொட்டு விட்டேன். முப்பது வருஷமா செய்யறேன் தம்பி, கத்துக்குட்டிகூட இத பண்ண மாட்டான். அம்மா கேட்டது இந்த ஒண்ணத்தான். நான் அதையும் குருடாக்கிட்டேன்."

பசையின் ஆவிதான் என்று தெரிந்ததும் எனக்கு மனசு லேசானது. அவருக்கு நேர்மாறாக இருந்தது. "கழட்டி சுத்தம் பண்ண முடியாதா சார்?" என்று கேட்டேன். அதைக் கேட்டதும்தான் எழுந்தார்.

"முடியும். கத்திய உள்ள விட்டு நெம்பணும். கண்ணாடி விரிசல் விடலன்னா பாலீஷ் போட்டு மறுபடி வைக்கலாம். நேரம் இருக்கு. நீ வந்து பிடிச்சுக்கிறியா? ஸ்வல்ப ஹெல்ப் பண்ணு, கொஞ்ச நேரந்தான், சாப்பாடு வீட்ல ஆகிடும்."

காக்ஸ் டவுனில் ஒரு பழைய வீடு. கூடத்து மேசையில் அண்ணனுடைய போட்டோ, மாலை, பக்கத்தில் விமானத்துக்கென்று விட்டிருந்த காலி இடம். உள்ளறையில் அம்மா கோயிலுக்குப் போகச் சேலை கட்டிக்கொண்டிருந்தார். "கொண்டாந்துட்டியாடா?" என்று குரல் மட்டும் வந்தது. "வந்துடுச்சும்மா, கொஞ்சம் துடைச்சுட்டு வைக்கறேன்," என்று சொல்லிவிட்டு இவர் என்னை ஜன்னலோரத்து அறைக்குள் தள்ளிக் கதவைச் சாத்தினார். சின்ன வயதில் அண்ணன் தம்பி இரண்டு பேரும் விமானம் செய்த மேசை அங்கேதான் இருந்தது. விளக்கு, இடுக்கி, பேனா போன்ற பிடியில் செருகிய மெல்லிய கத்தி.

விமானத்தை வெளியே எடுத்து என் கையில் கொடுத்தார். இறக்கைக்குக் கீழே ஒரு கை, வாலுக்குக் கீழே ஒரு கை. தூக்கினால் எடையே இல்லை. அவர் கத்தியைக் கூண்டின் ஓரத்தில் வைத்து மூச்சைப் பிடித்தார். "லைட்டுப் பக்கம் கொஞ்சம் சாய்," என்றார். சாய்த்தேன்.

வெளிச்சம் பக்கவாட்டில் விழுந்ததும் அந்த வெண்மைக்குள் ஒரு கோலம் தெரிந்தது. வளைவு வளைவாக, ஒன்றுக்குள் ஒன்றாக, மயிரிழை போன்ற கோடுகள். நாமக்கட்டியைக் குழைத்து வரைந்தது போல மற்ற இடத்தைவிட அங்கே வெள்ளை தடித்திருந்தது. கோடுகளுக்கு இடையே இடையே கண்ணாடி தெளிவாக இருந்தது. அந்த இடுக்குகள் வழியே உள்ளே இருந்த ஆளின் தலைக்கவசம் துண்டு துண்டாகத் தெரிந்தது.

"நில்லுங்க சார். கத்திய எடுங்க."

"என்ன, உடைஞ்சிடுச்சா?"

"விரலு. உள்ள ஒரு விரலு வெச்சிருக்கு."

அவர் கத்தியை எடுக்காமலே எட்டிப் பார்த்தார். பிறகு எடுத்தார். கூண்டின் உள்பக்கத்தில் ஒரு கட்டைவிரலின் முழு ரேகை. உள்ளே இருந்து யாரோ வெளியே தள்ளப் பார்த்து விரலை வைத்தது போல இருந்தது.

"என் விரலா இருக்கும்," என்றார். தன் கையை விளக்குக்குக் கீழே நீட்டிப் பார்த்தார். "இல்ல. நான் கிளவுஸ் போட்டிருந்தேன். கண்ணாடிய கிளவுஸ் இல்லாம தொடவே மாட்டேன். ஒட்டறதுக்கு முன்னாடி துடைச்சேன் தம்பி. மூக்குக் கண்ணாடி துடைக்கற துணியால உள்ளயும் வெளியயும் துடைச்சேன். ஒண்ணுமே இல்ல அப்ப. சுத்தமா இருந்துச்சு."

கதவு திறந்தது. அம்மா நின்றிருந்தார். எழுபது வயதுக்கு நிமிர்ந்த உடம்பு, வெள்ளைச் சேலை, கையில் ஜெபமாலை. என்னைப் பார்த்தார், கத்தியைப் பார்த்தார்.

"யாருப்பா நீ? ஏன்டா கதவ சாத்திக்கிட்டு ஆபரேஷன் பண்றீங்க?"

மகன் மறைக்கப் பார்த்தார். விமானம் என் கையில் இருந்ததால் மறைக்க முடியவில்லை. அவசரப்பட்டு ஒட்டிவிட்டேன், கண்ணாடி வெளுத்துவிட்டது, இப்போதே சரி செய்துவிடுகிறேன் என்று சொல்லும்போது அவருக்கு வார்த்தைகள் தடுமாறின. அம்மா அதைக் காதில் வாங்கவில்லை. கழுத்தில் தொங்கிய மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்தார்.

"இது யாரு விரலு?"

மகன் என்னைப் பார்த்தார்.

"கைய காட்டுங்க ரெண்டு பேரும்."

மகனின் கட்டைவிரலைப் பிடித்து விளக்குக்குக் கீழே வைத்துப் பார்த்துவிட்டு விட்டார். என் பக்கம் திரும்பினார். விமானத்தை மேசையில் மெதுவாக வைத்துவிட்டு நானும் நீட்டினேன்.

"உனக்கு ரேகையே இல்லையேப்பா!"

"சிமெண்ட் வேலை செஞ்சதும்மா. தின்னுடுச்சு."

மறுபடி விமானத்திடம் குனிந்தார். இந்த முறை நிறைய நேரம் பார்த்தார். பிறகு சுண்டுவிரலால் காற்றில் ஒரு கோடு இழுத்துக் காட்டினார்.

"நடுவுல குறுக்க ஒரு வெட்டு இருக்கு பாரு. ஆறாங்கிளாஸ்ல பிளேட வெச்சு பிளாஸ்டிக் அறுக்கப் போயி பெருவிரல்ல இழுத்துக்கிட்டான். இதே மேசையிலதான். உங்கப்பா தோள்ல போட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடுனாரு." மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். "கை கழுவாம சோத்துல கை வெப்பான். எத்தன வாட்டி அடிச்சிருப்பேன்! கை கழுவாமதான் இதையும் பண்ணி வெச்சிருக்கான், பாரு."

மகன் சிரிக்கத் தொடங்கி, பாதியில் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

"நான் துடைச்சேன்மா. ரெண்டு பக்கமும் துடைச்சேன்."

"துடைச்சா என்ன?"

"இப்ப கழட்டி பாலீஷ் போட்டா பழையபடி ஆயிடும். அப்பா ப்ளேன் நீட்டா இருக்கும். பைலட் தெரிவான்."

"பாலீஷ் போட்டா இது?"

"போயிடும்."

"அப்ப கத்திய கீழ வை."

அவர் வைத்தார். அம்மா தன் கட்டைவிரலைக் கூண்டின் வெளிப்பக்கத்தில், அந்த ரேகைக்கு நேராக வைத்தார். அழுத்தவில்லை, சும்மா வைத்திருந்தார். இரண்டு விரல்களுக்கும் நடுவே தாள் கனத்துக்கு ஒரு பிளாஸ்டிக். எனக்கு அங்கே நிற்கக் கூடாது என்று தோன்றியது. ஆனால் எனக்கும் கதவுக்கும் நடுவே அம்மா நின்றிருந்தார். அப்போது ஒன்றைப் பார்த்தேன், இன்றைக்கும் அதை விளக்க எனக்குத் தெரியாது. அவருடைய விரலின் சூட்டுக்கோ என்னவோ, கூண்டுக்குள் அந்த ரேகையைச் சுற்றியிருந்த வெண்மை ஒரு சுற்று பின்வாங்கியது போலத் தெரிந்தது. அவர் விரலை எடுத்ததும் மறுபடி மூடிக்கொண்டது. மகனும் பார்த்தாரா என்று நான் கேட்கவில்லை.

"ஜில்லுன்னு இருக்கு," என்றார் அம்மா. அவ்வளவுதான். "மணி ஆவுது, வாங்க. நீயும் வாப்பா. உன் பைய அங்க வெய்யி."

நான் எந்தக் கோயிலுக்குள்ளும் அதிகம் போனதில்லை. அம்மாவுக்குப் பின்வரிசையில் ஓரமாக நின்றேன். பாதிரியார் அண்ணனின் பெயரைச் சொல்லி வேண்டிக்கொண்டபோது அம்மாவின் கட்டைவிரல் மட்டும் மற்ற விரல்களிலிருந்து தள்ளி நின்றதைப் பார்த்தேன். புதிதாக வர்ணம் பூசிய சுவரைத் தொட்டுவிட்டவர்கள் அப்படித்தான் விரலைத் தள்ளிப் பிடித்திருப்பார்கள்.

பூசை முடிந்து சொந்தக்காரர்கள் வீட்டுக்கு வந்தார்கள். விமானம் போட்டோவுக்குப் பக்கத்தில் இருந்தது. எல்லோரும் குனிந்து பார்த்தார்கள், நம்பரைத் தொட்டுக் காட்டினார்கள். ஒரு சித்தப்பா கேட்டார், "ஏன் கண்ணாடி மட்டும் இப்படி வெள்ளையா கெடக்கு? ஆளே தெரியலயே?"

தம்பி வாயைத் திறப்பதற்குள் அம்மா சொன்னார். "ரொம்ப மேல போயிட்டான்ல? அங்க பனியா இருக்கும்."

சித்தப்பா மேற்கொண்டு கேட்கவில்லை. யாரும் ரேகையைப் பார்க்கவில்லை. வெளிச்சத்தைச் சாய்த்துப் பிடித்தால்தான் தெரியும். அம்மா விளக்கை அப்படி வைக்கவில்லை.

அன்று எனக்கு அந்த வீட்டிலேயே சாப்பாடு, கூடத்திலேயே படுக்கை. அந்தச் சித்தப்பா உயரமான கட்டடங்களுக்குக் கண்ணாடி துடைக்கும் ஆட்களை அனுப்புகிறவர். சாப்பிடும்போது என்னைப் பார்த்து, "மேல ஏறுனா தலை சுத்துமா உனக்கு?" என்று கேட்டார். சுத்தாது என்றேன். "அப்ப காலைல வா."

கொஞ்ச நாள் கழித்துத் தம்பியோடு போனில் பேசினேன். போலீஸ்காரர்கள் திருட்டு நடந்த இடத்துப் பொருள்களில் கைரேகை எடுப்பதற்கு அந்தப் பசையின் ஆவியைத்தான் வைப்பார்களாம். கண்ணுக்குத் தெரியாத ரேகைகூட வெள்ளையாக எழுந்து வருமாம். அதைச் சொல்லிவிட்டு, "ஆனா நான் துடைச்சேன் தம்பி," என்றார் மறுபடி. அவர் சொன்னது எல்லாமே உண்மையாக இருக்கும் என்றுதான் நினைக்கிறேன்.

பூசைக்கு மறுநாள் காலை மழை இல்லை. ஒரு பெரிய ஆபீஸ் கட்டடத்தின் மொட்டைமாடியிலிருந்து கயிற்றுப் பலகையில் என்னை இறக்கினார்கள். கையில் ரப்பர் துடைப்பான், இடுப்பில் சோப்புத் தண்ணீர் வாளி. கீழே பஸ்கள் தீப்பெட்டி அளவுக்குத் தெரிந்தன. முதல் கண்ணாடியில் சோப்பு போட்டு இழுத்தேன். சுத்தமாகிவிட்டது, ஒரே ஒரு இடத்தைத் தவிர. அங்கே ஒரு உள்ளங்கை, ஐந்து விரலும் விரிந்து பதிந்திருந்தது. மறுபடி இழுத்தேன். போகவில்லை. மூன்றாவது முறை கை ஓங்கியபோதுதான் அது உள்பக்கம் இருக்கிறது என்று புரிந்தது. ஞாயிற்றுக்கிழமை, உள்ளே விளக்கு இல்லை, நாற்காலிகள் காலி. அந்தரத்தில் தொங்கிக்கொண்டு அந்தக் கையைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, கயிற்றை ஆட்டி, அடுத்த கண்ணாடிக்கு இறக்கச் சொன்னேன். அதற்கப்புறமும் நான் பல இடம் மாறிவிட்டேன். ஆனால் ஒருவன் எழுந்து போய்விட்டால் அந்த இடம் காலியாகிவிடும் என்று மட்டும் இப்போது என்னால் அவ்வளவு சுலபமாக நினைக்க முடிவதில்லை.